மணிக்கட்டு அசைகிறது

‘காது கேளாத, வாய் பேச இயலாத என் அக்கா சுகந்தியின் வலது கையை, உடைந்த எலும்பைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி, நரம்போடு சேர்த்துச் சாகடித்துவிட்டார்கள்.’ மனுவில் முதல் வரியே இதுதான். எழுதியவள் நான். இன்றைக்குக் காலை பதினொன்றரை மணி வரைக்கும் இதில் ஒரு சொல்லை யாராலும் அசைக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டீர்களே என்று சொல்கிறேன் அம்மா. ‘அந்தப் பிள்ளை கையில என்ன கட்டு’ என்றுதானே கேட்டீர்கள்? பஸ் மாயனூர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, சொல்லிவிடலாம். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரமாக இருக்கிறாளே, அவள்தான் அக்கா. பக்கத்தில் அப்பா. என் பக்கத்தில் இடம் இருந்தது, அவள்தான் அங்கே போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் காற்று வேண்டும், வேறொன்றும் இல்லை. நீங்கள் குரலைத் தாழ்த்த வேண்டாம். அவளுக்குக் கேட்காது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சியில் எம்.ஏ. இரண்டாம் வருஷம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விவாதப் போட்டியில் இரண்டு தடவை முதல் பரிசு. தற்பெருமை இல்லை, எனக்கு நியாயம் பேச வரும் என்பதற்காகச் சொல்கிறேன். வராமல் என்ன செய்யும்? எங்கள் அம்மா இறந்துபோனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினான்கு. அப்பாவுக்கு ஒரு ரேஷன் கடைக்காரரிடம்கூடக் குரல் உயராது. அக்காவுக்குக் குரலே இல்லை. அந்த வீட்டில் பேசுவதற்கென்று மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். கடைக்கு, கரண்ட் ஆபீஸுக்கு, அக்காவின் கம்பெனிக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான் அவள் வாய். ‘என்ன வேணும்னு கேளு பாப்பா’ என்று கடைக்காரர் சொல்வார். கேட்கவே வேண்டாம், எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்.

அக்கா கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். விரித்த துணியில் விட்டுப்போன ஓர் இழையை எட்டடி தூரத்திலிருந்து காட்டுவாள். அந்தப் பிரிவில் காது கேளாத பெண்கள் ஏழு பேர். அவர்கள் பேசுகிறபோது பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சத்தமில்லாத சந்தை. ஒவ்வொருத்தருக்கும் சைகையில் ஒரு பெயர் உண்டு. சூப்பர்வைசருக்குப் புருவத்தைத் தடவினால் போதும். எனக்கு அக்கா வைத்த பெயர் இது: வலது கையைக் குவித்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து, விரல்களைப் படக் படக் என்று விரிப்பாள். வாயாடி என்று அர்த்தம். எனக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். கம்பெனி வேன் மாயனூர் பிரிவில் நின்றது. அவள் ஒரு காலைத் தரையில் வைத்து மறு காலை எடுப்பதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. ‘ஹாரன் அடிச்சேங்க’ என்கிறார் டிரைவர். கேட்டீர்களா நியாயத்தை? காது கேட்காதவளுக்கு ஹாரன் அடித்தாராம்! விழுந்தவளின் வலது கை உடம்புக்கு அடியில் மாட்டி, முழங்கைக்கு மேலே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. அங்கே டீக்கடையில் இருந்தவர்கள் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து முட்டுக்கொடுத்து, துண்டால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நானும் அப்பாவும் ஓடிப்போய், ஆட்டோ பிடித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் சொல்ல மாட்டேன். மனுவில் இருக்கிறது.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். நவீன் என்று பேட்ஜ்.

“பேஷன்ட் பேரு?”

“சுகந்தி, இருபத்தொம்பது வயசு. காது கேக்காது, பேச வராது. நான் தங்கச்சி மேகலா. எது கேக்கணும்னாலும் என்னைக் கேளுங்க.”

“சரி, மணிக்கட்டை மேல தூக்கச் சொல்லுங்க. கட்டை விரலை நிமித்தச் சொல்லுங்க.”

“ஒடஞ்ச கையைத் தூக்கச் சொல்றீங்களே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு?”

“கையை இல்லைங்க, மணிக்கட்டு மட்டும். துண்டைக் கொஞ்சம் விலக்கினா நரம்பு எப்படி இருக்குன்னு…”

“அதெல்லாம் நல்லா இருக்கு. அந்தக் கையாலதான் சார் அவ நாள் பூரா பேசறா. அதுக்கு ஒண்ணும் இல்லை. முதல்ல வலிக்கு ஊசியைப் போடுங்க. வந்து இருவது நிமிஷம் ஆச்சு, பேரு ஊரு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. வாய் பேசாதவங்கன்னா இளப்பமா?”

சுற்றி இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், “கேளு பாப்பா, நல்லாக் கேளு” என்றார். டாக்டரின் காது சிவந்துவிட்டது. “தொட்டா தெரியுதா?” என்றார். “தெரியுது” என்றேன். ஏதோ எழுதினார். ஊசி உடனே வந்தது. அப்பா என் காதுக்குள், “கத்தாத மேகலா, டாக்டரு கோவிச்சுக்கப் போறாரு” என்கிறார். கோபித்துக்கொண்டால் என்ன? அன்றைக்கு நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் இன்னும் ஒரு மணி நேரம் துடித்திருப்பாள். என்ன, நான் சொல்வது சரிதானே?

மறுநாள் ஆபரேஷன். பிளேட் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிறோம், கை மணிக்கட்டிலிருந்து தொங்குகிறது. கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி. தூக்கு என்கிறேன், தூக்கவில்லை. விரலை விரி என்கிறேன், விரியவில்லை. மூடுகிறாள், மூட முடிகிறது, திறக்க முடியவில்லை. நர்ஸ் வந்து, “அந்த ஊமைப் பொண்ணுக்குக் கை தொங்குது டாக்டர்” என்று வராந்தாவில் கத்துகிறார். ஊமையாம். அதற்கும் ஒரு சண்டை போட்டேன். அது மனுவில் மூன்றாவது புகார்.

பெரிய டாக்டர் வந்தார். ஆபரேஷன் செய்தவர். நிதானமான மனுஷர்தான், அதை மறுக்க மாட்டேன்.

“மேல்கை எலும்பைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு போகுதும்மா. பந்தக்கால்ல அவரைக்கொடி சுத்துமே, அந்த மாதிரி. கால் முறியறப்போ கொடியும் நசுங்கும். அடிபட்ட அன்னைக்கே ஆகியிருக்கலாம். பெரும்பாலும் அறுந்திருக்காது, மூணு நாலு மாசத்துல தானாத் திரும்பிரும்.”

“அன்னைக்கே நசுங்கியிருந்தா, அன்னைக்குப் பாத்த டாக்டருக்குத் தெரிஞ்சிருக்குமே?”

“பாத்து எழுதியிருப்பாங்க.”

“அப்ப அந்தக் காகிதத்தைக் கொண்டாங்க.”

கொண்டுவந்தார்கள். நான் படித்துக் காட்டச் சொன்னேன். ‘மணிக்கட்டு அசைகிறது. விரல்கள் அசைகின்றன. தொடு உணர்வு இருக்கிறது.’ பெரிய டாக்டரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் அம்மா! நவீனைக் கூப்பிட்டார். “நீயே பாத்தியாப்பா?” அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “பாத்தேன் சார்.” அவர் வாயாலேயே சொன்னார். விவாதத்தில் எதிரணி தானாக வந்து புள்ளியைக் கையில் கொடுக்கிற மாதிரி. ஆபரேஷனுக்கு முன்னால் அசைந்தது, பின்னால் அசையவில்லை. இடையில் கை யாரிடம் இருந்தது? இதற்குப் பதில் சொல்லுங்கள் என்றேன்.

மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்க ஒரு பட்டை கொடுத்தார்கள், இப்போது அவள் போட்டிருக்கிறாளே, அதுதான். கழற்றாதே, தினமும் பயிற்சி கொடு, ஆறாவது வாரம் நரம்புச் சோதனைக்கு வா, நான்கு மாதத்தில் திரும்பாவிட்டால் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார் பெரிய டாக்டர். மறுபடி அவர்களிடமே போவதா? சோதனை என்ற பெயரில் தடயத்தை அழிப்பதற்கா? வேறு இடத்தில் எடுக்கலாமே என்று அப்பா ஒரு தடவை சொன்னார். வேறு இடத்தில் எடுத்தால், அங்கேதான் கெடுத்தார்கள் என்று இவர்கள் சொல்ல மாட்டார்களா? விசாரணை முடியட்டும் என்றேன். அப்பா சரி என்றார். அப்பா எதற்குமே சரி என்றுதான் சொல்வார்.

மனு எழுத ஒன்பது நாள் ஆனது. நான்கு புகார் தேறியது. நான்கு என்றால் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது, ஐந்து என்றால் கனமாக இருக்கும். அதனால் ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன்: ‘சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து நோயாளியிடம் நேரடியாக விசாரிக்கவில்லை. இது அவரது உரிமையை மறுப்பதாகும்.’ சட்டத்தில் இருக்கிறது, எழுதினேன். கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கும்போது, இனி ஒரு மாதம்தான் என்று நினைத்தேன்.

ஐந்து மாதம் அம்மா. இன்றைக்கு ஆடி பத்து. அந்த ஐந்து மாதமும் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கம்பெனித் தோழிகள் வீடியோவில் கூப்பிடுவார்கள். அவள் இடது கையால் பேசுவாள். அவளுக்கு அது பழக்கமில்லை, நமக்கு நாக்கு குழறுகிற மாதிரி. அந்தப் பக்கம் ஒருத்தி, குடித்தவன் மாதிரி தலையை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். கேலிதான், பாசமான கேலிதான். மூன்றாவது வாரத்திலிருந்து இவள் போனை எடுப்பதில்லை. செக்கிங் பிரிவில் வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள். ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைகிறேன், என்னைக் கூப்பிட வேண்டும் அவளுக்கு. வலது கை தானாக வாய்க்குப் போனது. மணிக்கட்டு விழுந்தது. இடது கையால் அதைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டு, விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரியவில்லை. என் பெயரை அவளால் சொல்ல முடியவில்லை. நான் அழுதேன். அழுது முடித்துவிட்டு, உட்கார்ந்து நினைவூட்டல் மனு எழுதினேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்? சொல்லுங்கள், என்ன செய்ய முடியும்?

சும்மா இருக்கவில்லை நான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து, பட்டையைக் கழற்றி, தேதி தெரிகிற காலண்டருக்கு முன்னால் கையைத் தொங்கவிடச் சொல்லிப் படம் எடுப்பேன். பக்கவாட்டில், நேராக, மேலிருந்து. சாட்சியம் வேண்டுமே. இருபத்திரண்டு வாரம் எடுத்திருக்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ‘கேஸ் வேணாம்’ என்று போனில் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவாள். ‘விடு.’ ‘ஆஸ்பத்திரி போலாம்.’ ஏழெட்டுத் தடவை அனுப்பியிருப்பாள். ஒருநாள் நீளமாக ஏதோ தட்ட ஆரம்பித்தாள், ‘அன்னைக்கு’ என்று தொடங்கி. எனக்குத் திருச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பயந்த சுபாவம் அவளுக்கு. பயப்படுகிறவர்களுக்குத்தானே அம்மா துணிந்தவர்கள் பேச வேண்டும்?

குளித்தலையில் பிசியோதெரபி செய்கிற ஷர்மிளா என்று ஒரு பெண் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் ஆகாது. “ஏங்க, படம் எடுக்கறதுக்காகப் பட்டையைக் கழட்டறீங்களா? விரல் மடங்கி இறுகிட்டா நரம்பு திரும்பினாலும் பிரயோஜனம் இல்லைங்க. சோதனை எடுத்தாச்சா இல்லையா?” என்று என்னை நிற்கவைத்துக் கேட்டார். சட்டம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது? இரண்டு வாரம் கழித்து என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, இன்றைக்குக் காலை விசாரணை. ஒரு நீளமான அறை. அந்தப் பக்கம் பெரிய டாக்டர், நவீன், ஆஸ்பத்திரி வக்கீல். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். நடுவில் விசாரணை அதிகாரி, ஓய்வு வயதை எட்டப்போகிற ஒரு பெண் டாக்டர். அவருக்குப் பக்கத்தில் ஊதாப் புடவையில் இன்னொருவர். காது கேளாதோர் பள்ளியில் இருந்து வந்த எஸ்தர் டீச்சராம். சைகை மொழிபெயர்ப்புக்கு.

“எதுக்கு மேடம்?” என்றேன். “எங்கக்காவுக்கு நான் இருக்கேனே. பதினஞ்சு வருஷமா நான்தான் பேசறேன்.”

“வீட்டு ஆளுங்க மொழிபெயர்க்கக் கூடாதும்மா.”

“அவ சைகை வீட்டுச் சைகை மேடம், டீச்சருக்குப் புரியாது.”

எஸ்தர் டீச்சர் அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டார். அக்கா சிரித்தாள். ஐந்து மாதத்தில் அவள் பல் தெரிந்து நான் பார்க்கவில்லை. “எங்க ஸ்கூல் பொண்ணுதான் மேடம். பத்தாவது வரைக்கும் நான்தான் பாடம் எடுத்தேன்” என்றார் டீச்சர்.

நான் விடவில்லை. கால் மணி நேரம் வாதாடினேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்க மனுவுல அஞ்சாவது பாயின்ட்டை வாசிங்க” என்றார். வாசித்தேன். “நீங்க கேட்டதுதானே?” என்றார். எதிர்ப்பக்கத்து வக்கீல் இருமுகிற மாதிரி சிரித்தார்.

முதலில் அதிகாரி அக்காவின் கையைப் பார்த்தார். பட்டையைக் கழற்றி, மணிக்கட்டைத் தாங்கி, ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பார்த்தார். நடுவிரலும் மோதிரவிரலும் பாதிக்கு மேல் நிமிரவில்லை. அக்கா பல்லைக் கடித்தாள்.

“நரம்புச் சோதனை ரிப்போர்ட் எங்கே?”

“எடுக்கலை மேடம். விசாரணை முடியட்டும்னு…”

“யாரு சொன்னது அப்படி?”

நான் பதில் சொல்லத்தான் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அப்பா எழுந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆபீஸில் அப்பா வாய் திறந்ததை இன்றைக்குத்தான் கேட்டேன். “இனிமே வழி இருக்குங்களா?”

“பாக்கணும்யா. நரம்பு வரும்னு சதை ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருக்காது. சீக்கிரம் வந்திருக்கணும். நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.”

அப்பா உட்கார்ந்துவிட்டார். நான் இருபது நிமிஷம் பேசினேன். காகிதத்தைக் காட்டினேன், தேதி வாரியாகப் படங்களை மேஜைமேல் அடுக்கினேன். ‘மணிக்கட்டு அசைகிறது’ என்பதை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை நவீன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வருகிற மாதிரி. நான் பேசியதில் ஓட்டை இல்லை அம்மா. நடுவர்கள் இருந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருப்பார்கள்.

“நல்லாப் பேசறீங்க” என்றார் அதிகாரி. “இப்ப அவங்களைக் கேப்போம். டீச்சர், கை தொங்கினது எப்போன்னு கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

டீச்சர் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கினாள். டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. “மேடம், அவ கேள்வியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா” என்று எழுந்தேன். “நீங்க உக்காருங்க” என்றார். எஸ்தர் டீச்சர் அவள் கையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“முன்னாடியே. விழுந்த அன்னைக்கே. டீக்கடைக்காரங்க தூக்கி உக்கார வச்சப்பவே மணிக்கட்டு தொங்கிடுச்சு.”

நவீன் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: “அன்னைக்கே அந்த டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லலை?”

அவள் சொன்ன பதில் இவ்வளவுதான். டீச்சர் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை, அதை நானே பார்த்தேன்.

“வலது கை ஒடஞ்சிருந்துச்சு. இடது கையால சொல்லலாம்னு பாத்தேன். அந்தக் கையைத் தங்கச்சி பிடிச்சிருந்தா. இழுத்துப் பாத்தேன், அவ விடலை.”